பழைய லூட் கையெழுத்துப் பிரதிகளில் சுருதி அமைப்பைக் கண்டுபிடிப்பது எப்படி?

லூட் என்பது ஐரோப்பாவின் பழைய தந்தி வாத்தியம்; அதன் இசையை எழுதிவைக்கும் முறை டேப்லேச்சர். அது சுரத்தை எழுதுவதில்லை. எந்தத் தந்தியில் எந்த மெட்டில் (கழுத்தில் குறுக்கே உள்ள ஃபிரெட்டில்) விரல் வைக்க வேண்டும் என்பதை மட்டுமே எழுதுகிறது. தந்திகளை எப்படிச் சேர்த்திருந்தார்கள் என்று தெரியாவிட்டால், ஒவ்வொரு எழுத்தையும் சரியாகப் படித்து, சரியான இடத்தில் விரல் வைத்து, முழுக்கத் தவறான இசையை வாசித்து முடிக்கலாம்.

இது வெறும் எச்சரிக்கை இல்லை, நடந்த கதை. லூட் கலைஞர் ஹான்ஸ் நியூசிட்லர் 1544-இல் நியூரம்பர்க்கில் வெளியிட்ட ‘டெர் யூடன் டான்ஸ்’ என்ற சிறு நடன இசையை இருபதாம் நூற்றாண்டில் வழக்கமான சுருதியிலேயே பெயர்த்து எழுதினார்கள். காதைக் குத்தும் அபசுரங்கள் வந்தன. பதினாறாம் நூற்றாண்டிலேயே இவ்வளவு துணிச்சலா என்று வியந்து பாடநூல் தொகுப்பிலும் சேர்த்தார்கள். அந்தப் பாடலுக்குத் தந்திகளை வேறு மாதிரி சேர்க்க வேண்டும் என்பது பிறகுதான் கவனத்துக்கு வந்தது. அப்படிச் சேர்த்து வாசித்தால் அது சாதாரண நடன இசை.

ஆகவே வாசிக்கும் முன் சுருதியைத் தேடுங்கள். பெரும்பாலான பிரதிகளில் அதற்கான ஆதாரம் அந்தப் பக்கத்திலேயே இருக்கும்.

இங்கே ‘இணை’ என்பது சேர்த்து மீட்டும் இரட்டைத் தந்தி. மிக உயர்ந்த ஒலி தருவது முதல் இணை. லூட்டில் அது பெரும்பாலும் ஒற்றைத் தந்தி. ஒரு மெட்டுக்கும் அடுத்த மெட்டுக்கும் உள்ள தூரம் ஓர் அரைச்சுரம். விரல் வைக்காமல் மீட்டுவதை வெறுந்தந்தி என்கிறோம்.

முதல் படி: எந்த ஊர் முறை?

பிரெஞ்சு முறையில் எழுத்துகள் இருக்கும். ஏ என்றால் வெறுந்தந்தி, பி முதல் மெட்டு, சி இரண்டாவது, டி மூன்றாவது, இ நான்காவது, எஃப் ஐந்தாவது, ஜி ஆறாவது. எச் ஏழாவது, ஐ எட்டாவது. அதன் பிறகு ஜே இல்லாமல் நேராக கே, ஒன்பதாவது மெட்டு. ஆறு கோடுகளில் ஒவ்வொன்றும் ஓர் இணை; மேல் கோடுதான் முதல் இணை. பல எழுத்தர்கள் சி-யை ஆர் போல வளைத்து எழுதுவார்கள். புதியவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் அதுதான். சி எது, இ எது என்று அந்தக் கையெழுத்திலேயே பத்து இடங்களைப் பார்த்துப் பழகிவிட்டு மேலே செல்லுங்கள்.

இத்தாலிய முறையில் எண்கள். 0 வெறுந்தந்தி, பத்தாவது மெட்டுக்கு ரோமன் எண் எக்ஸ். இங்கே கீழ்க் கோடு முதல் இணை. வாத்தியத்தை மடியில் வைத்துக் குனிந்து பார்த்தால் தந்திகள் எந்த வரிசையில் தெரியுமோ அந்த வரிசை. வெனிஸில் 1507-இல் அச்சான ஸ்பினாச்சினோவின் லூட் நூல்கள் இந்த முறையில்தான் உள்ளன. விகுவேலா என்ற கிதார் வடிவ ஸ்பானிய வாத்தியத்தின் நூல்களும் பெரும்பாலும் இப்படியே. லூயிஸ் மிலான் 1536-இல் வலென்சியாவில் வெளியிட்ட நூல் மட்டும் எண்களைப் பயன்படுத்திக்கொண்டே மேல் கோட்டை முதல் இணையாக வைக்கிறது. எண் என்றால் இத்தாலிய முறை என்று முடிவுகட்டிவிட்டால் மிலானைத் தலைகீழாக வாசிப்பீர்கள். சந்தேகம் வந்தால் எந்த ஓரக் கோட்டில் வேகமான, மாறி மாறி வரும் எண்கள் நெருக்கமாக இருக்கின்றன என்று பாருங்கள். அதுதான் உச்சத் தந்தி. தடித்த தந்தியின் கோட்டில் எண்கள் அரிதாக, பெரும்பாலும் 0 அல்லது 2 ஆக, தாளத்தின் தொடக்கத்தில் வரும்.

ஜெர்மன் முறையில் கோடே கிடையாது. தந்தியும் மெட்டும் சந்திக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் தனிக் குறி. ஐந்து இணை லூட்டுக்காகப் பிறந்த முறை அது. பின்னால் வந்த ஆறாவது இணைக்கு ஆளுக்கொரு குறி வைத்தார்கள். முதல் முயற்சிக்கு ஜெர்மன் பிரதியை எடுக்காதீர்கள்.

இரண்டாம் படி: எத்தனை இணை?

ஆறு கோடுகளுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பிரதி முழுவதையும் புரட்டிப் பாருங்கள். பிரெஞ்சு முறையில் கீழே வெறும் ஏ இருந்தால் ஏழாவது இணை, ஒரு சாய்கோட்டுடன் ஏ இருந்தால் எட்டாவது, இரண்டு சாய்கோடு ஒன்பதாவது, மூன்று சாய்கோடு பத்தாவது. அதற்குப் பிறகு 4, 5, 6 என்ற எண்கள் முறையே பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்றாவது இணைகளைக் குறிக்கும். ஒரே ஒரு பாட்டில் மட்டும் 4 வந்தாலும் அந்தப் பாட்டுக்குப் பதினொரு இணை வாத்தியம் வேண்டும்.

இந்த எண்ணிக்கை காலத்தையும் சுட்டும். ஆறு இணை என்றால் பதினாறாம் நூற்றாண்டு. பத்து இணை பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கம். பதினொன்று என்றால் பெரும்பாலும் அந்த நூற்றாண்டின் பிற்பகுதிப் பிரெஞ்சு மரபு. பதின்மூன்று இணை 1720 வாக்கில் வைஸ் போன்ற ஜெர்மன் கலைஞர்களிடம் வருகிறது.

மூன்றாம் படி: சுருதி அட்டவணையைத் தேடுங்கள்

பதினேழாம் நூற்றாண்டுப் பிரதிகளில் எழுத்தர்கள் சுருதியைத் தாங்களே எழுதி வைத்திருப்பார்கள். நூலின் முதல் பக்கம், ஒரு பகுதியின் தலைப்பு, ஓரத்து வெற்றிடம், முந்தைய பாட்டு முடிந்து மீந்த அரைக் கோடு என எங்கும் இருக்கலாம். தாளக்குறி இல்லாமல் இரண்டிரண்டு எழுத்துகளாக நிற்கும் ஐந்தாறு நெடுவரிசைகளைக் கண்டால் அதுதான்.

அதைப் படிக்கும் விதம் இது. ஒரு நெடுவரிசையில் மேல் கோட்டில் ஏ, அதற்கு அடுத்த கோட்டில் டி இருக்கிறது என்று வையுங்கள். இரண்டாம் இணையின் மூன்றாவது மெட்டும் முதல் இணையின் வெறுந்தந்தியும் ஒரே ஒலி தர வேண்டும் என்று பொருள். ஆக இரண்டுக்கும் இடையே 3 அரைச்சுரம். அடுத்த நெடுவரிசையில் இரண்டாம் கோட்டில் ஏ, மூன்றாம் கோட்டில் எஃப் என்றால் 5 அரைச்சுரம். இப்படி ஐந்து நெடுவரிசையையும் படித்துக் கீழ் எழுத்துகளை மட்டும் வரிசையாக எழுதினால் கிடைப்பது அந்தச் சுருதியின் குறியீடு. இன்று நூலகப் பட்டியல்களும் ஆய்வாளர்களும் சுருதிகளை இந்த ஐந்தெழுத்தால்தான் அழைக்கிறார்கள்.

சில அட்டவணைகள் ஒரே ஒலியைக் காட்டாமல் மேல்ஸ்தாயி கீழ்ஸ்தாயி இணைப்பைக் காட்டும். இரண்டு எழுத்துகளும் அடுத்தடுத்த கோட்டில் இல்லாமல் நடுவே ஒரு கோடோ இரண்டு கோடோ தாண்டி நின்றால் அது ஸ்தாயிச் சோதனை. இதை ஒரே ஒலி என்று எண்ணிக் கணக்கிட்டால் குறியீடு கன்னாபின்னாவென்று வரும்.

ஒரு பிரதிக்கு ஒரே சுருதி என்று நினைக்க வேண்டாம். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள ஜேன் பிக்கரிங் லூட் புத்தகம் 1616-இல் தொடங்கப்பட்டது. அதன் பெரும்பகுதி, அடுத்த படியில் விளக்கும் பழைய சுருதி. பின்னால் வேறு கைகள் சேர்த்த பாடல்களில் புதுச் சுருதிகள் வருகின்றன. கையெழுத்தோ மையின் நிறமோ மாறும் இடத்திலெல்லாம் மறுபடி சரிபாருங்கள்.

நான்காம் படி: எந்தச் சுருதி?

பழைய சுருதியின் குறியீடு எஃப்-எஃப்-இ-எஃப்-எஃப், அதாவது மேலிருந்து கீழே 5, 5, 4, 5, 5. கூட்டினால் 24, ஆறாம் இணைக்கும் முதல் இணைக்கும் சரியாக இரண்டு ஸ்தாயி. பதினாறாம் நூற்றாண்டு லூட், விகுவேலா இரண்டுக்கும் இதுதான் அடிப்படை.

1620-களிலிருந்து பிரான்சில் இந்த ஒழுங்கு கலைகிறது. பாரிஸில் பியேர் பலார் 1631-லும் 1638-லும் அச்சிட்ட தொகுப்புகளின் தலைப்பிலேயே ‘புதிய சுருதிகள்’ என்ற பொருளில் அக்கோர் நூவோ என்று இருக்கிறது. அதிகம் எதிர்ப்படுபவை இரண்டு: 4, 3, 4, 5, 5 என்ற ‘ஷார்ப்’ சுருதி (குறியீடு இ-டி-இ-எஃப்-எஃப்), 3, 4, 3, 5, 5 என்ற ‘ஃபிளாட்’ சுருதி (டி-இ-டி-எஃப்-எஃப்). இங்கிலாந்தில் லூட் கலைஞர் தாமஸ் மேஸ் 1676-லும் ஃபிளாட் சுருதிக்காக வாதாடிக்கொண்டிருந்தார்.

நிலைத்தது இன்னொன்று: டி-எஃப்-இ-டி-எஃப், 3, 5, 4, 3, 5. ‘டி மைனர்’ சுருதி என்பார்கள். நம் காதுக்கு இதை மனப்பாடம் செய்வது எளிது. ஐந்தாம் இணையை ச என்று கொண்டால், ஆறிலிருந்து ஒன்று வரை வெறுந்தந்திகள் ப, ச, க, ப, ச, க என்று ஒலிக்கும். க என்பது சாதாரண காந்தாரம். ஒருமுறை பாடிப் பார்த்துக்கொண்டால் கருவி இல்லாமலேயே சரிபார்க்கலாம்.

ஐந்தாம் படி: அட்டவணை இல்லாவிட்டால்

இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். மீதியெல்லாம் பார்த்துத் தெரிந்துகொள்ளும் விஷயம். இது மட்டும்தான் உண்மையான துப்பறியும் வேலை.

முதலில் பாட்டின் கடைசிக் கார்டை (ஒரே நேரத்தில் மீட்டும் சுரங்களின் அடுக்கை) எடுங்கள். மேலிருந்து கீழாக ஏ, ஏ, சி, சி, சி, ஏ இருக்கிறது என்று வைப்போம். பழைய சுருதியில், ஆறாம் இணையை ச என்று கொண்டு கீழிருந்து கணக்கிட்டால் ச, ப, ச, க, ப, ச. அந்தரக் காந்தாரத்தோடு அப்பழுக்கில்லாத முடிவு. அதே எழுத்துகளை டி மைனர் சுருதியில் கணக்கிட்டால் ச, ப, நி, ரி, ம, த. அந்தக் காலத்தில் எந்தப் பாட்டும் இப்படி முடிந்திருக்காது. இப்போது ஆறு ஏ-க்கள் அடுக்காக நிற்கும் கார்டைப் பாருங்கள். டி மைனரில் அது ப, ச, க, ப, ச, க என்று நிறைவாக ஒலிக்கும். பழைய சுருதியில் ச, ம, நி, ரி, ப, ச. எந்த முடிவிலும் பொருந்தாது. எனவே முடிவுகளில் வெறுந்தந்திகள் குவிந்திருந்தால் பழைய சுருதியைச் சந்தேகியுங்கள்.

இரண்டாவது சோதனை, ஆரோகணம் ஓர் இணையிலிருந்து அடுத்ததற்குத் தாவும் இடம். இரண்டாம் இணையில் ஏ, சி, டி என்று ஏறி முதல் இணையின் ஏ-க்குப் போகிறது என்றால், மூன்றாம் மெட்டுக்கு மேல் அடுத்த படி ஓர் அரைச்சுரமோ இரண்டோ. ஆகவே இடைவெளி 4 அல்லது 5. மாறாக இரண்டாம் இணையில் ஏறுவரிசை எப்போதும் சி-யோடு நின்று மேலே தாவுகிறது, டி வருவதே அபூர்வம் என்றால் இடைவெளி 3 ஆக இருக்க வாய்ப்பு அதிகம்; மேல் தந்தியில் வெறுமனே கிடைக்கும் ஒலியை யாரும் கீழ்த் தந்தியில் விரல் வைத்துத் தேட மாட்டார்கள். ஐந்து இடைவெளிக்கும் இப்படி ஒரு பட்டியல் போட்டு, நான்கைந்து பாடல்களிலிருந்து சான்று சேர்த்தால் பெரும்பாலும் ஒரே விடைதான் மிஞ்சும்.

மூன்றாவது, ஒரு தந்தியை மட்டும் இறக்கிய வழக்கு. பதினாறாம் நூற்றாண்டில் ஆறாம் இணையை இரண்டு அரைச்சுரம் இறக்குவது பரவலாக இருந்தது. ஜெர்மானியர் அதை அப்ட்சுக் என்றார்கள். அடையாளம் சுலபம். வழக்கமாக ஆறாம் இணையின் வெறுந்தந்திக்கு மேல்ஸ்தாயித் துணை நான்காம் இணையின் சி-யில் இருக்கும். இறக்கிய பாட்டில் ஆறாம் இணை ஏ-யும் நான்காம் இணை ஏ-யும் சேர்ந்து வரத் தொடங்கும். பாட்டு முழுவதும் சரியாக ஒலித்து, அடித்தந்தி மட்டும் ஒவ்வொரு முறையும் இரண்டு அரைச்சுரம் உரசினால் காரணம் இதுதான்.

எழுத்தர் பிழையையும் கணக்கில் வையுங்கள். ஓர் எழுத்து ஒரு கோடு தள்ளி எழுதப்படுவது சகஜம். எழுத்துக்குக் கீழே உள்ள ஒற்றைப் புள்ளி வலக்கைச் சுட்டுவிரலுக்கான குறி. அது சுரம் அல்ல. ஆனால் ஒரே வகைத் தவறு ஒரே இணையில் திரும்பத் திரும்ப வந்தால், பிழை எழுத்தரிடம் இல்லை, நீங்கள் ஊகித்த சுருதியில் இருக்கிறது. எழுத்தைத் திருத்தும் முன் இதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கிதார் பிரதிகளுக்கு ஒரு குறிப்பு

நான்கு இணை கிதாருக்கு மேலிருந்து 5, 4, 5. பழைய வழக்கில் நான்காம் இணை இன்னும் இரண்டு அரைச்சுரம் கீழே. ஐந்து இணை பரோக் கிதாருக்கு 5, 4, 5, 5. இன்றைய கிதாரின் மேல் ஐந்து தந்தி போலவே. சிக்கல் இடைவெளியில் இல்லை, ஸ்தாயியில் இருக்கிறது. நான்காம், ஐந்தாம் இணைகளில் தடித்த தந்தி உண்டா, இல்லை மெல்லிய மேல்ஸ்தாயித் தந்தி மட்டுமா என்பதை டேப்லேச்சர் காட்டாது. கிதார் கலைஞர் காஸ்பர் சான்ஸ் 1674-இல் இரண்டு வழக்கங்களையும் விவரிக்கிறார். அவரைப் போன்ற கிதார் கலைஞர்களான கோர்பெத்தா 1671-லும் ரோபேர் த விசே 1682-லும் நான்காம் இணைக்கு மேல்ஸ்தாயித் தந்தி சேர்க்கச் சொல்கிறார்கள். முன்னுரையைப் படிக்காமல் கிதார் நூலைத் தொடாதீர்கள்.

ஆறாம் படி: தந்தியை மாற்றாமல் சுருதியை மாற்றுவது

பழைய சுருதியில் உள்ள லூட்டை டி மைனருக்குக் கொண்டுபோக மூன்று இணைகளைத் தொட்டால் போதும்: ஐந்தாவதையும் ஆறாவதையும் இரண்டு அரைச்சுரம் ஏற்றி, முதலாவதை இரண்டு இறக்க வேண்டும். நடு மூன்றும் அப்படியே. ஆனால் இரண்டு அரைச்சுரம் ஏற்றினால் இழுவிசை 26 விழுக்காடு கூடும். குதிரை (பலகையில் தந்திகளைத் தாங்கும் கட்டை) ஒட்டிய இடம் பலவீனமாக இருந்தால் அது பிய்ந்து வரும். பாதுகாப்பான மாற்றுவழி உண்டு. ஐந்து, ஆறு இரண்டையும் விட்டுவிட்டு இரண்டாம், மூன்றாம், நான்காம் இணைகளை இரண்டு அரைச்சுரமும் முதலாவதை நான்கும் இறக்குங்கள். இடைவெளிகள் அதேதான், டேப்லேச்சருக்கு ஸ்தாயி உயரம் பொருட்டில்லை.

ஷார்ப் சுருதிக்கு இரண்டாம் இணை 2, முதல் இணை 3 அரைச்சுரம் இறங்கும். ஃபிளாட்டுக்கு மூன்றாவது 1, இரண்டாவது 2, முதலாவது 4. நான்கு அரைச்சுரம் இறக்கினால் இழுவிசை 37 விழுக்காடு குறையும். தந்தி தளர்ந்து மெட்டில் அடித்து இரையும். ஓரிரு பாடலுக்குப் பரவாயில்லை. அந்தச் சுருதியிலேயே தங்கப்போகிறீர்கள் என்றால் தடித்த தந்தி போடுங்கள்.

விட்டத்தைக் கணக்கிடலாம். இழுவிசையை நியூட்டனில் எடுத்து, 3.1416-ஐயும் தந்தியின் அடர்த்தியையும் (கன மீட்டருக்குக் கிலோகிராமில்) பெருக்கி வரும் எண்ணால் வகுத்து, வர்க்கமூலம் காணுங்கள். அதைத் தந்தி நீளம் மீட்டரிலும் அதிர்வெண் ஹெர்ட்ஸிலும் பெருக்கிய எண்ணால் வகுங்கள். 0.60 மீட்டர் லூட், முதல் தந்தி 392 ஹெர்ட்ஸ், இழுவிசை 35 நியூட்டன், நரம்பின் (விலங்குக் குடலில் செய்த தந்தியின்) அடர்த்தி 1300 என்றால் 0.39 மில்லிமீட்டர். நைலானுக்கு அடர்த்தி குறைவு; 0.42 அளவில் வரும்.

நரம்புத் தந்தி எவ்வளவு உயரம் தாங்கும் என்பது தடிமனைப் பொறுத்ததல்ல. நீளத்தையும் அதிர்வெண்ணையும் பெருக்கிய எண்ணைப் பொறுத்தது. அது 240-ஐ நெருங்கும்போது அபாயம். மேலே சொன்ன லூட்டில் 0.60 × 392 = 235, அதாவது ஏற்கெனவே விளிம்பில். அறுந்துபோகிறதே என்று மெல்லிய தந்தி போட்டாலும் அதே உயரத்தில்தான் அறும். மிலானும் முதல் தந்தியை அது தாங்கும் அளவுக்கு உயர்த்திவிட்டு மற்றவற்றை அதோடு சேர்க்கச் சொன்னார்.

ஏழாம் படி: சேர்த்துச் சரிபார்ப்பது

அட்டவணைப்படி மெட்டில் விரல் வைத்து ஒன்றிலிருந்து ஒன்றாகச் சேர்த்தால் சிறு பிழைகள் கூடிக்கொண்டே போகும். ஒவ்வொரு படியிலும் 2 சென்ட் (ஒரு சென்ட் அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) தவறினால் ஆறாம் இணைக்கு வரும்போது 10 சென்ட் தவறியிருக்கும். எனவே கடைசியில் ஸ்தாயிகளைக் கேளுங்கள். பழைய சுருதியில் ஆறாம் ஏ-க்கு நான்காம் சி, ஐந்தாம் ஏ-க்கு மூன்றாம் டி, நான்காம் ஏ-க்கு இரண்டாம் டி, மூன்றாம் ஏ-க்கு முதல் சி. டி மைனரில் இதைவிட எளிது: ஆறு-மூன்று, ஐந்து-இரண்டு, நான்கு-ஒன்று, எல்லாமே வெறுந்தந்திக்கு வெறுந்தந்தி.

டி மைனர் லூட்டின் அடித்தந்திகளுக்கு மேல்ஸ்தாயி இந்த இடங்களில் கிடைக்கும். ஏழுக்கு நான்காம் இணையின் சி, எட்டுக்கு நான்காம் ஏ, ஒன்பதுக்கு ஐந்தாம் சி, பத்துக்கு ஐந்தாம் ஏ, பதினொன்றுக்கு ஆறாம் டி. இது அடிப்படை நிலை. பாட்டின் சுரவரிசைக்கு ஏற்ப அடித்தந்திகளில் சிலவற்றை ஓர் அரைச்சுரம் ஏற்றி இறக்குவார்கள் என்பதால், ஒவ்வொரு தொகுதிப் பாடலுக்கும் முன் அவற்றை மட்டும் மறுபடி பாருங்கள்.

எவ்வளவு சேர்த்தாலும் ஸ்தாயி ஒத்துவராவிட்டால் தந்தியை விட்டு மெட்டைப் பாருங்கள். லூட்டின் மெட்டுகள் கழுத்தில் கட்டிய நரம்பு, நகரும். 60 செ.மீ. தந்தி நீளத்துக்கு முதல் மெட்டு தலைப்பக்கத் தாங்கியிலிருந்து சுமார் 33.5 மி.மீ., ஐந்தாவது 150.5, ஏழாவது 199.5. ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் முதல் இணை சரியாகவும் ஆறாம் இணை தவறாகவும் ஒலிக்கும்.

லூட் கைவசம் இல்லாதவர்கள் கிதாரிலேயே தொடங்கலாம். மூன்றாம் தந்தியை ஓர் அரைச்சுரம் இறக்கினால் பழைய சுருதி தயார். மூன்றாவது மெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) வைத்தால் லூட்டின் வழக்கமான உயரமும் கிடைக்கும். டி மைனருக்கு ஆறாவதையும் ஐந்தாவதையும் தொடாமல், நான்காவதை 2, மூன்றாவதை 3, இரண்டாவதை 2, முதலாவதை 4 அரைச்சுரம் இறக்குங்கள். மேல் தந்திகள் தொளதொளவென்று இருக்கும், கச்சேரிக்கு ஆகாது. ஊகித்த சுருதி சரிதானா என்று ஒரு கடைசிக் கார்டை மீட்டிப் பார்க்க இது தாராளம்.

விடை கிடைத்ததும் நகலின் மேல் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிடுங்கள்: ஐந்தெழுத்துக் குறியீடு, இணைகளின் எண்ணிக்கை, இறக்கிய அல்லது ஏற்றிய தந்தி, எந்தப் பக்கத்து அட்டவணையிலிருந்து எடுத்தது. அட்டவணை இல்லாமல் ஊகித்ததென்றால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போடுங்கள்.